பிரதர்... கொஞ்சம் இங்கே வாங்க!

ஆபீஸ் கேன்டீனில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பக்கத்து ஸீட்காரரிடம், ‘அக்கா பையன் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கான்’ என்று சொல்லுங்கள். ‘எந்த காலேஜ்?’ என்பார். ‘மெடிக்கல்’ என்றால் எழுந்து நின்று கை கொடுப்பார்; மறுநாளே மாமியாரின் மூட்டுவலிக்கு யோசனை கேட்பார். மூன்றாவதாக ‘நர்சிங்’ என்று சொல்லுங்கள். மனிதர் வடையைச் சட்னியில் தோய்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

‘பையன்னுதானே சொன்னீங்க?’

நாலு வருஷப் படிப்பை ஒரே கேள்வியில் காலி பண்ண நம்மால்தான் முடியும்!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் உதட்டில் விரல் வைத்து ‘உஷ்’ சொல்கிற படத்தில் இருப்பது பெண். சினிமாவில் ஆபரேஷன் தியேட்டரின் சிவப்பு விளக்கு அணைந்ததும் டாக்டருக்குப் பின்னால் வசனமே இல்லாமல் வருவதும் பெண். அந்த வசனமில்லாத ஆசாமிக்கு என்னதான் வேலை, அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போனேன்.

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் போய்த் திரும்பினால் ஊர் வந்துவிடும். ஊருக்கு முன்னால் சமணர் மலை நிற்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், விழுது இறங்கிய ஆலமரம். லீவு நாளில் மதுரைக்காரர்கள் டிபன் கேரியரோடு வந்து இறங்கி விடுகிறார்கள். மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வரிசையாக அமர்ந்திருக்க, அவர்கள் காலடியில் குரண்டிப் பள்ளியைச் சேர்ந்த மாணாக்கர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. (அன்றைக்குப் பாறையில் பேர் எழுதினவர்களைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. இன்றைக்கு எழுதினால் போலீஸில் பிடித்துக் கொடுக்கும்!) உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நாலு தானம் சொன்னவர்கள் சமணர்கள். ஆக, படிப்பும் மருந்தும் இந்த மலைக்குப் புதுசில்லை.

இன்னொரு கதையும் இந்த ஊருக்கு உண்டு. 1914-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கம் கொண்டுவந்தபோது முதலில் மாட்டிய ஊர்களில் இதுவும் ஒன்று. ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள் பெரியவர்கள். ஒரு தப்பும் செய்யாதவன்கூட கைரேகை வைத்துவிட்டு, ராத்திரிக்குப் போய்க் கணக்குக் காட்ட வேண்டும். மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

நான் பார்க்கப் போன பையன் இந்த ஊர்தான். பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருஷம். அப்பா லோடு வேன் ஓட்டுகிறார். அம்மா மல்லிகைப் பூ கட்டிக் கொடுக்கிறார். ‘பேரு போட்றாதீங்கண்ணே, காலேஜ் பேரும் வேணாம்’ என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டான். ஆகவே தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பிக்கு வந்த முதல் அறிவுரை இது: ‘ஏப்பா, பக்கத்துலயே யுனிவர்சிட்டி இருக்கு. நடந்தே போயிட்டு வரலாம். அங்கன நர்சு படிப்பு இல்லையாமா?’

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ராஜ்யத்தில் இருக்கும் நர்சிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1987-ல் சட்டம் போட்டு 1988 முதல் நடக்கிற பல்கலைக்கழகம் அது. மதுரையிலேயே மருத்துவக் கல்லூரியை ஒட்டி அரசு நர்சிங் கல்லூரி இருக்கிறது. பசுமலையில் சி.எஸ்.ஐ. ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி இருக்கிறது. வார்டுப் பயிற்சிக்குப் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. 1940-ல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று திறந்தது; வயசாளிகள் வாயில் இன்னமும் எர்ஸ்கின்தான்.

நம்ம ராஜ்யத்துக்கு இந்தப் படிப்பில் சீனியாரிட்டி ஜாஸ்தி. மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். 1926-ல் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய மதராஸில் தனிச் சட்டமே வந்தது. பட்டப் படிப்பு 1946-ல், சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் பிறந்தது. எம்.பி.ஏ.வெல்லாம் இந்தியாவுக்குள் எட்டிப் பார்க்காத காலம் அது!

‘அட்மிஷனுக்கு நீட் எழுதினியாப்பா?’

‘இல்லண்ணே. தமிழ்நாட்டுல ப்ளஸ் டூ மார்க்குதான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் எல்லாம் இருக்கணும். பதினேழு வயசு முடியணும்.’

ஏணிப்படிகளையும் அவனே சொன்னான். ஏ.என்.எம். இரண்டு வருஷம், கிராமத்து சுகாதார நர்ஸ் வேலைக்கு அது. ஜி.என்.எம். மூன்று வருஷ டிப்ளமோ. அதை முடித்தவர்கள் மேற்கொண்டு இரண்டு வருஷம் படித்துப் பட்டதாரி ஆகலாம். நேரடி பி.எஸ்ஸி. நாலு வருஷம். அப்புறம் எம்.எஸ்ஸி., பி.எச்டி. என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

பாடத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். 2021-லிருந்து செமஸ்டர் முறை, மொத்தம் எட்டு. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல் என்று தலையணை தலையணையாகப் புத்தகங்கள். நடுவில் சைக்காலஜி, சோஷியாலஜி. ஐந்தாம் செமஸ்டரில் தடயவியல் நர்சிங்! ஏழாம் செமஸ்டரில் ஆராய்ச்சியும் ஸ்டாடிஸ்டிக்ஸும். பி.காமில் என் தூக்கத்தைக் கெடுத்த அதே மீன், மீடியன், மோட். ‘நர்ஸுக்கு எதுக்கப்பா இது?’ என்றதும் தம்பி நைட்டிங்கேலை இழுத்தான். அந்தம்மாவின் கையில் இருந்த விளக்கு மட்டும்தான் நமக்குத் தெரியும். இன்னொரு கையில் இருந்தது கணக்கு நோட்டு. 1854-ல் கிரிமியப் போருக்குப் போனவர், குண்டடி பட்டுச் செத்த சிப்பாய்களைவிட ஆஸ்பத்திரியின் அழுக்காலும் தொற்றாலும் செத்தவர்கள்தான் அதிகம் என்று வட்ட வட்டமாகப் படம் போட்டுக் காட்டினார். சர்க்கார் அசைந்தது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். கணக்குப்பிள்ளை வம்சத்துக்கு இது எவ்வளவு பெரிய கௌரவம்!

பேச்சு கணக்கில் வந்து நின்றதால் தம்பி ஒரு நோட்டை எடுத்து விரித்தான். நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கம். இடது பக்கம் ‘உள்ளே போனது’, வலது பக்கம் ‘வெளியே வந்தது’. அசல் லெட்ஜர்!

நோயாளி குடித்த தண்ணீர், கஞ்சி, ஏற்றிய ஸலைன் எல்லாம் ஒரு பக்கம். சிறுநீர், வாந்தி, ட்யூபில் வடிகிற நீர் எல்லாம் மறுபக்கம். மில்லி மில்லியாக எழுதி, இருபத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலன்ஸ் எடுக்க வேண்டும். நமக்கு லெட்ஜர் இடித்தால் ஆடிட்டர் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். சாயங்காலம் டீ சாப்பிட்டுவிட்டு வந்து திருத்திக்கொள்ளலாம். இங்கே அப்படியில்லை.

இரண்டாம் வருஷத்தில் நடந்ததைச் சொன்னான். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மறுநாள். அறுபது வயசு சம்சாரி ஒருத்தர். பக்கத்தில் அவர் மனைவி. ‘இப்பத்தான் நல்லா உறங்குறாரு, எழுப்பாதீங்க தம்பி’ என்று அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். தம்பி எழுப்பவில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்குகிற யூரின் பையை மட்டும் குனிந்து பார்த்திருக்கிறான். அதற்கு முந்தின மணிகளில் 45, 35. இப்போது 20.

‘பெரியவங்களுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழ போனா உசாராகணும்ணே. பல்ஸ் பாத்தேன், 118. பி.பி. பாத்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு. 110-க்கு 70.’

‘பி.பி. நல்லா இருந்தா அப்புறம் என்ன?’

‘அதுதாண்ணே ஏமாத்தும். உள்ள ரத்தம் கசிஞ்சா, ஒடம்பு முதல்ல சமாளிக்கப் பாக்கும். நாடி வேகமா ஓடும். சிறுநீரைக் கொறச்சுக்கிடும். பி.பி. கடைசியாத்தான் விழும். விழுந்த பெறகு பாத்தா சில சமயம் டயம் இருக்காது.’

வார்டு சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவர் வந்து ஒரு தடவை பார்த்தார். உடனே டூட்டி டாக்டருக்கு போன். அரை மணி நேரத்தில் சம்சாரியை மறுபடி தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு ரத்தக்குழாயின் கட்டு நழுவியிருந்ததாம். பத்தாம் நாள் ஆள் எழுந்து நடந்தார். போகும்போது டாக்டருக்கு ஒரு பெரிய கும்பிடு, தம்பிக்கு ‘வர்றேன் தம்பி’.

‘ஒனக்கு வருத்தமா இல்லையா?’

‘என்னத்துக்குண்ணே? நான் நம்பர்தான எழுதுனேன்!’

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து ஒரு நோயாளியிடம் நிற்பது ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு அந்த ஆளுக்கு யார் காவல் என்பதுதான் இந்த நாலு வருஷப் படிப்பின் மொத்தப் பொருள் என்று எனக்கு அப்போது பட்டது.

அதற்குப் பிறகு என்னை மாணவனாக்கிப் பரீட்சை வைக்க ஆரம்பித்தான். ‘ஒரு லிட்டர் ஸலைன் எட்டு மணி நேரத்துல ஏறணும். ட்யூப்ல ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிசத்துக்கு எத்தன சொட்டு?’

1,000-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிஷத்தால் வகுத்தால் 41.67. சொட்டைப் பாதியாக வெட்ட முடியாது, ஆகவே 42. ஆபீஸில் வீட்டுக்கடன் வட்டியைப் பைசா சுத்தமாகப் போடுகிற எனக்கே பேப்பர் பேனா வேண்டியிருந்தது. இவர்கள் வார்டில் கடிகாரத்தைப் பார்த்தபடி மனசில் போடுகிறார்கள்.

இன்சுலின் கதை இன்னும் பயங்கரம். நம்ம ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும், 100 யூனிட் என்றும் இரண்டு தினுசு கிடைக்கிறது. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால், அதாவது 100 மருந்தை 40 சிரிஞ்சில் இழுத்தால், இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் நினைவு தப்பிவிடுவார். (வீட்டில் அப்பாவுக்கு ஊசி போடுகிறவர்கள் இந்த வாரப் பத்திரிகையை மூடிவிட்டு முதலில் மூடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு வரவும்.) பொட்டாசியம் குளோரைடு என்று சுண்டு விரல் பருமனில் ஒரு மருந்து. ஸலைனில் கலந்து நிதானமாக ஏற்றினால் உயிர் காக்கும். அப்படியே ஊசியில் இழுத்து நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் முதல் வருஷத்திலிருந்தே மந்திரம் மாதிரி ஓத வைக்கிறார்கள்.

சரி, கேன்டீன்காரரின் கேள்விக்கு வருவோம். ஆண் நர்ஸை என்னவென்று கூப்பிடுவது?

வார்டில் ‘பிரதர்’ என்கிறார்கள். ‘பிரதர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு’, ‘பிரதர், கொஞ்சம் இங்கே வாங்க’. சில பாட்டிகளுக்கு அது நாக்கில் நிற்காமல் ‘பொரதரு’. முதல் வருஷத்தில் ஒரு பாட்டி, ‘ஆம்பளப் பய என்னத் தொடப்படாது’ என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டதாம். மூன்றாம் நாள், இரண்டு மணிக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மெலிந்த சிஸ்டர் ஒருவரால் தூக்க முடியவில்லை. ‘அந்தப் பொரதரக் கூப்புடு, அவென்தான் வலிக்காமத் தூக்குவான்’ என்று பாட்டியே உத்தரவு போட்டிருக்கிறார்.

வெளியிலும் சின்னச் சின்ன இடைஞ்சல்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, ‘மச்சினர் என்ன பண்றாப்ல?’ என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டு ‘மெடிக்கல் லைன்’ என்று மழுப்பிவிட்டார். மருந்துக்கடை என்று நினைத்துக்கொண்டு கல்யாணமும் ஆகிவிட்டது! இப்போது சம்பந்தி வீட்டில் யாருக்குக் காலில் சர்க்கரைப் புண் என்றாலும் முதல் போன் இவனுக்குத்தான்.

வேலைவாய்ப்பிலும் ஆண்களுக்கு வழி குறுகல்தான். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலைக்கு 2019-ல் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 சதவிகிதம் என்று வைத்தார்கள். நர்ஸுக்கு அங்கே ‘நர்சிங் ஆபீசர்’ என்று பதவிப் பெயர். ‘பிரதரை’விட இது கல்யாணப் பத்திரிகைக்கு எடுப்பாக இருக்கும்.

சம்பளம்? பூசி மெழுக வேண்டாம். 2015-ல் தமிழ்நாட்டில் தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்தவர்களுக்கு மாசம் 7,700 ரூபாய். நிரந்தரம் செய்யக் கோரி 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளம் பற்றி 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, மத்திய அரசு அமைத்த கமிட்டி ஒரு கணக்குக் கொடுத்தது. 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸ் சம்பளமே தர வேண்டும் என்று. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பல சின்ன ஆஸ்பத்திரிகளில் போய்க் கேட்டால் சிரிக்கிறார்கள்.

அதனால்தான் பாதிப் பேர் கண் வெளிநாட்டின் மேல். லண்டன் போக ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு. ஜெர்மனியில் முழு நர்ஸாகப் பதிவு செய்ய ஜெர்மன் பாஷையில் பி2 நிலை தேற வேண்டும். இங்கேதான் ஏஜெண்டுகள் நுழைவார்கள். 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்ட 46 இந்திய நர்ஸுகள் ஞாபகமிருக்கிறதா? ஜூலையில் கொச்சி வந்து இறங்கினார்கள். குண்டு விழுகிற ஊரை விட்டுக் கிளம்பவே அவர்களில் பலர் தயங்கினார்கள். காரணம், ஊரில் வாங்கிவிட்டுப் போன கடன். 2015-லிருந்து வளைகுடா போன்ற நாடுகளுக்கு நர்ஸுகளை அரசு நிறுவனங்கள் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. தமிழ்நாட்டுக்கு அது சென்னையிலிருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்; 1978-லிருந்து இருக்கிறது. லட்சம் கேட்கிற ஆசாமி வீட்டுத் திண்ணைக்கு வந்தால் அந்த அட்ரஸைச் சொல்லுங்கள், செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடுவார்.

இதைவிட மோசமான ஆசாமிகள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருக்கிறார்கள். ‘ஆறே மாதத்தில் நர்ஸ்! பத்தாவது பெயிலானாலும் பரவாயில்லை!’ வெள்ளைச் சட்டை போட்டு போட்டோவும் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு எண் இல்லாதவர் சட்டப்படி நர்ஸே இல்லை. கீழக்குயில்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இப்படி ஒரு இடத்தில் அம்மாவின் தோட்டை வைத்துப் பணம் கட்டிவிட்டு, இப்போது க்ளினிக் ஒன்றில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தம்பி சொன்னான்.

‘சேர்றதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?’

‘கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, யுனிவர்சிட்டி இணைப்பு இருக்கா, இந்த வருசத்துக்கு இருக்கா, அதக் கேளுங்க. போன வருச லெட்டரக் காட்டுவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி எங்கன்னு கேளுங்கண்ணே. சும்மா போர்டு தொங்குனாப் பத்தாது. உள்ள போயி கட்டில்ல ஆளு இருக்கான்னு பாருங்க. ஆளில்லாத கட்டில வச்சு நர்சிங் படிக்க முடியாதுல்ல?’

கட்டிலை எண்ணச் சொல்கிறான் பையன். ஆடிட்டர் ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்குப் போகிற மாதிரி!

கிளம்புகிற நேரம், அடுத்து என்ன என்று கேட்டேன். பிரசவ வார்டு போஸ்டிங் என்றான். பட்டத்தோடு மருத்துவச்சிப் பதிவும் சேர்ந்தே வருகிறது. ஆகவே இத்தனை பிரசவம் என்று கணக்கு வைத்துப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அத்தனை நேரம் பொட்டாசியத்தையும் இன்சுலினையும் அனாயாசமாகப் பேசிக்கொண்டிருந்தவன் முகம் லேசாக மாறியது.

‘படிச்சதெல்லாம் இருக்குண்ணே. ஆனா அந்தக்காமாரு கத்துறதக் கேட்டாத்தான்... எனக்கு கை உதறுது.’

வாசல்படியில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்.

‘ஒன்னயப் பெக்கயில நானும் அப்படித்தான்டா கத்துனேன். அன்னிக்கு இருந்த நர்சம்மா கைய உதறுனாளா? போயி ஒழுங்காப் பாரு.’

அதற்குள் அவர் கை இன்னும் அரை முழம் கட்டி முடித்திருந்தது.